அண்ணனின் ரத்தக் கொதிப்பும் நான் பூட்டி வைத்த மூன்று கடிதங்களும்

லாபிஸ்,
12-8-1936

தாயில்லாத உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா, என் மகன் சபாபதிக்கு ஆசி கூறி எழுதுவது. பினாங்கில் நீ முழு நலமாக இருக்க முருகன் துணை. இங்கே முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி உன் அப்பா.

மாசி மாதம் புகைக்கூட்டுச் சூட்டில் ரப்பர் ஷீட்டைக் காயத் தொங்கவிடும்போது அண்ணனுக்குத் தலை சுற்றிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ராமச்சந்திரன் கையில் பையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், பாதரசம் ஏறிய வேகத்துக்குக் குழாய் உடைந்திருக்கும், நல்ல வேளை நான் பிடித்துக்கொண்டேன். ரத்தக் கொதிப்பாம். ஜொகூரிலேயே இப்படிக் கண்டதில்லை என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். உப்பைக் குறையுங்கள், சூட்டில் வேலை வேண்டாம், கோபமூட்டாதீர்கள் என்றார். மூன்றாம் வகுப்பு வரை வாசித்தவன் சும்மா இருப்பேனா, அண்ணன் எதைச் சொன்னாலும் லயத்து வீடுகளில் ஒருத்தரும் மறுத்துப் பேசக்கூடாது என்று சட்டம் போட்டேன், துரையே கேட்டு மெச்சினார். நீ ஒரு பெண்ணைப் பார்த்திருப்பதாக எழுதினாயே, அதை வாசித்துக் காட்டினால் என்ன ஆவது என்று உன் மூன்று கடிதங்களையும் பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டினேன்.

கொதிப்பு இறங்கியது, மனிதர் எழுந்திருக்கவில்லை. பேச்சில்லை, சோறு இறங்கவில்லை, பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கை. உப்பில்லாத சோறுதான் காரணம் என்றாள் உன் சித்தி அங்கம்மா. ஒருநாள் அண்ணன், இங்கே ரயிலேறித் தெற்கே போனால் குளுவாங்குக்கு முன்னாலேயே லாயாங் லாயாங் ஸ்டேஷன் வந்துவிடும் என்றார். குளுவாங் தாண்டித்தான் அது என்று கைக்குழந்தைக்கும் தெரியும், நாங்கள் ஆமாம் ஆமாம் என்றோம். பிறகு சித்தியிடம், "சாகப்போறவன்கிட்டதான் அங்கம்மா யாரும் சண்டை போடமாட்டாங்க. அதான் என் மவனும் கடுதாசி போடல" என்றாராம். அவள் டிரெசரிடம் ஓடினாள். அவர் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்: "யோவ் செல்லப்பன், கோபமூட்டாதேன்னா ஆளையே ஒதுக்கி வைக்கிறதா? இந்த வியாதிக்காரங்க நிறையப் பேருக்கு மனசு இப்படித்தான் விழுந்துடுது. அதையும் பாக்கணும்லா!"

ஞாயிற்றுக்கிழமை தைரியமாக டின்னைத் திறந்து மூன்று கடிதத்தையும் வாசித்தேன். மூன்றாவதில் எழுந்து உட்கார்ந்தார். "பொண்ணு பேரு ஊரு எழுதாம இது என்னடா கடுதாசி!" என்று டின் மூடியை என்மேல் எறிந்தார், ஒற்றைக் கையால் பிடித்தேன். அன்றைக்குக் கொதிப்பு ஏறவில்லை. இப்போது உட்கார்ந்தபடி ஷீட் தரம் பிரிக்கிறார், இரண்டு மணி நேரம். ஆனாலும் சில காலைகளில் பழையபடி சுவர்தான். மாதக்கணக்கு ஆகும், மருந்துத் தண்ணியை நிறுத்தக்கூடாது என்கிறார் டிரெசர்.

ஆகவே இனி அப்பா பேருக்கே எழுது. பெண்ணின் பேர், ஊர், குலம் எல்லாம் எழுது. அவர் வேண்டாம் என்றால் உடனே சரி என்று எழுதிவிடாதே, ஏன் என்று கேள். உன் கடிதத்தை இனி ஒரு நாளும் மறைக்கமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, நீண்ட ஆயுசோடு இரு.

அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். வாசித்துக் காட்டினேன், பாதிக்குமேல் பொய் என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

உன் சித்தப்பா,
செல்லப்பன்