ஏழாவது கோல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்குச் செய்தி வந்தது. அப்போது நான் முட்டை அவித்துக்கொண்டிருந்தேன். போனைக் காதில் வைத்தபடி நின்றதில் தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, முட்டை வெடித்துக் கூரையில் ஒட்டிக்கொண்டது. அது ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் நலத்தை நான் விசாரிக்க வேண்டிய இடம் இது, ஆனால் அதை உன் அறைத்தோழியே, எப்போது பேசினாலும் தும்முகிற அந்தப் பெண், முழுசாகச் சொல்லிவிட்டாள். உனக்குக் கிடைத்த இரண்டு வருடப் பயிற்சியாளர் படிப்பை, கடல் தாண்டிப் போகிற அந்த ஒரே இடத்தை, நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம். காரணம், அப்பா வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள் என்று ஒவ்வொரு தும்மலுக்கும் நடுவில் கெஞ்சினாள். சொல்லிவிட்டேன். அவளைத் திட்டாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவள்தான்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நேற்று நடந்த மேட்சைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சிரிக்காமல் படி. அம்மா போனபிறகு பிஸ்கட் பேக்டரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் கோச் என்று உனக்குத் தெரியும். அம்மா அங்கே பேக்கிங் சூப்பர்வைசராகவும் இருந்தாள், கோச்சாகவும் இருந்தாள், இரண்டுக்கும் ஒரே விசில்தான். எனக்கு இருந்த ஒரே தகுதி, இத்தனை வருஷமாக அவள் பின்னால் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனது. கோச் இல்லாவிட்டால் மைதானத்தைத் தர முடியாது என்று மேனேஜர் சொன்னதும் அவர்களெல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வந்து, அண்ணே, நீங்க சும்மா ஓரமா நின்னா போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம் என்றார்கள். நான் சும்மா நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லிப்ட் மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? யார் எங்கே ஓட வேண்டும், பந்து எந்த வழியில் போக வேண்டும் என்று லிப்ட் வயரிங் படம் போலவே ஒரு பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டினேன். சிவப்புக் கோடு, நீலக் கோடு, நடுவில் ஒரு எர்த் கூட இருந்தது. ராக்கெட் என்று கூப்பிடுவோமே அந்த முன்வரிசைப் பெண், ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, அண்ணே, இதுல நான் எந்த வயர், என்னைத் தொட்டா ஷாக் அடிக்குமா என்று கேட்டாள். அன்றிலிருந்து யார் தப்பாக ஆடினாலும் பியூஸ் போச்சு என்றுதான் கத்துகிறார்கள்.

நேற்று கூரியர் கிடங்கு அணியோடு மேட்ச். பாதி நேரத்தில் ஆறுக்கு பூஜ்யம். ஆறு நமக்கு என்று நினைத்து வாயைத் திறக்காதே, பூஜ்யம்தான் நமக்கு. அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு எதிலுமே வருத்தம் இல்லை. அம்மா போனதிலிருந்து மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது மாதிரிதான் எல்லாம். ஜெயித்தாலும் அதே, தோற்றாலும் அதே, முட்டை வெந்தாலும் அதே. இடைவேளையில் நம் கோல்கீப்பர் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுக்குச் சுவர் என்று பேர். தடுப்பதால் வந்த பேர் இல்லை, நின்ற இடத்தை விட்டு நகராததால் வந்தது. அங்கே அந்தப் பக்கத்து கோச் தன் பெண்களிடம் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். போதும் விடுங்கம்மா, பாவம், பொண்டாட்டிய பறிகொடுத்த மனுஷன், இனிமே கோல் போட வேண்டாம், பந்தை நமக்குள்ளேயே உருட்டுங்க என்றாராம்.

அப்படியேதான் உருட்டினார்கள். இரண்டாவது பாதி முழுக்க, பின்னால் ஒருத்தி முன்னால் ஒருத்தி என்று, ரேஷன் கடை வரிசையில் நேரம் போக்குகிற மாதிரி. நம் பெண்கள் முதலில் துரத்தினார்கள். அப்புறம் அவர்களுக்கும் விஷயம் புரிந்து ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். சுவர் கம்பத்தில் சாய்ந்து தலைமுடியைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் பாப்பா. ஆறு கோல் வாங்கியபோது வராத கோபம் அப்போது வந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் துருத் தண்ணீர் வருமே, அந்த மாதிரி.

விசில் ஊதியதும் நேரே அந்த கோச்சிடம் போனேன். கிடங்கு சூப்பர்வைசர், குட்டையான, சாதுவான மனிதர், கை கொடுக்க வந்தார். ஏழாவது கோலை ஏன் போடலைன்னு கேட்டேன். தோற்ற அணியின் கோச், எனக்கு இன்னும் ஒரு கோல் பாக்கி இருக்கிறது என்று சண்டைக்குப் போனது அநேகமாக நான் ஒருத்தனாகத்தான் இருக்கும். அவர் பதறிப்போய், சார், மனசு கேக்கல சார் என்றார். ஆறு போடறப்ப கேட்டுச்சா என்று நான் கேட்டேன். பக்கத்தில் நின்ற ராக்கெட் சிரித்துவிட்டாள், எனக்கும் உதடு துடித்தது, இருந்தாலும் விறைப்பாகவே நின்றேன். அவர் கோபப்படவில்லை. போன வருஷம் எங்க டீம் பன்னெண்டு கோல் வாங்குச்சு சார், பத்தாவது விழுந்தப்பவே எங்க பொண்ணுங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க, அவங்க சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு போட்டாங்க, மறுநாள்ல இருந்து மூணு பேர் பூட்ஸைத் தொடவே இல்ல, அந்த கோச்சை நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல, அந்தாள் மாதிரி நானும் ஆயிடக்கூடாதுன்னுதான் என்றார். நியாயம்தானே. சண்டைக்குப் போய்விட்டு எதிராளி சொல்வதுதான் சரி என்று பாதியில் படுவதைப் போல ஒரு சங்கடம் கிடையாது. திரும்பி வரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

அப்போது சுவர் வந்தாள், நகராதவள் நகர்ந்து வந்தாள். அதுக்காக நிறுத்துவாங்களா சார், ஆளை மாத்தணும், உங்க பெஞ்சுல நாலு பேர் தண்ணி குடிச்சே வயிறு ரொம்பி உக்காந்திருந்தாங்க, அவங்களை இறக்கி விட்டிருந்தா அவங்களுக்கும் ஆசை தீர்ந்திருக்கும், நானும் ரெண்டு பந்தைப் புடிச்சிருப்பேன், ஆறு வாங்கினதுக்கு நான் அழல, அப்புறம் ஒருத்தி கூட என் பக்கம் பந்து அடிக்கல பாருங்க, அதுக்குத்தான் வயிறு எரியுது என்றாள். அக்கா இருந்தா இப்படித்தான் செஞ்சிருப்பாங்க என்று கடைசியில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்தாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், மருத்துவமனை அணியோடு நாம் ஏழு கோல் முன்னால் இருந்தபோது அம்மா என்ன செய்தாள் என்று. நிறுத்து என்று சொல்லவில்லை. ராக்கெட்டை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பேக்டரி கேண்டீனில் டீ போடுகிற அக்காவை உள்ளே அனுப்பினாள். அதுவரை பந்தைக் காலால் தொடாத அக்கா. முழுசா ஓடு, விட்டுக் குடுக்காதே என்று அவளிடமும் சொன்னாள். அந்த அக்கா ஓடி விழுந்து, விழுந்த இடத்தில் முழங்காலில் பட்டுப் பந்து உள்ளே போனது. இரண்டு பக்கமும் கைதட்டினார்கள், மருத்துவமனை கோல்கீப்பர்தான் முதலில் ஓடி வந்து அவளைத் தூக்கிவிட்டாள். பை தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு அன்றைக்கு அது ஏதோ வேடிக்கை என்றுதான் பட்டது. அழவைத்து அடிப்பதும் தப்பு, ஆடாமல் நின்று பாவம் பார்ப்பதும் தப்பு, இரண்டுக்கும் நடுவில் பெஞ்சு என்று ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது நேற்றுதான் என் மண்டையில் ஏறியது.

இதைப் புரிந்துகொண்ட பெருமையோடு இன்று காலை முட்டை வைத்தேன், பத்து இருபதுக்கு உன் தோழி போன் செய்தாள். நேற்று கிடங்கு அணி ஆடின அதே ஆட்டத்தை நீயும் ஆடுகிறாய் என்று தெரிந்தது. நீ மட்டுமா? கம்பெனியில் எனக்கு இப்போது இரண்டு மாடி கிளினிக் லிப்ட் தவிர வேறு வேலை தருவதில்லை. அதில் ஏறுவதை விட நடந்து போவது சீக்கிரம். கீழ்வீட்டில் நான் படியேறும் சத்தம் கேட்டால் டிவியை அணைக்கிறார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் கேரமில் என்னை ஜெயிக்க விடுகிறார். நான் ஆடுகிற லட்சணத்துக்கு என்னிடம் தோற்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார். ஊரே சேர்ந்து என்னைச் சுற்றிப் பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நீயும் சேர்ந்துவிட்டால் நான் எந்தக் கம்பத்தில் சாய்ந்து எந்த முடியைப் பின்னுவது? இருப்பதும் கொஞ்சம்தான்.

லிப்ட் பற்றி எல்லோருக்கும் ஒரு தப்பான பயம் இருக்கிறது, பிடிப்பு விட்டால் கீழே விழும் என்று. உள்ளே ஆள் இல்லாத லிப்டில் பிரேக்கை விட்டால் அது விழாது, மேலே போகும். மறுபக்கம் தொங்குகிற எடைக்கல் காலிப் பெட்டியை விடக் கனம், அதனால். வீடு காலியானதும் அப்பா விழுந்துவிடுவார் என்று பயந்துதானே எழுதிக் கொடுத்தாய். விழமாட்டேன். அதிகபட்சம் கடைசி மாடியில் போய் முட்டிக்கொண்டு முழிப்பேன். முழிக்கிறவனை இறக்குவது சுலபம், அந்த வேலையைத்தான் நான் சம்பளம் வாங்கிச் செய்கிறேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள பெஞ்சில் ஆட்கள் இருக்கிறார்கள். கேள்விப்பட்டதும் வீட்டுக்கு வந்த ராக்கெட், நான் இருக்கேன் அண்ணே, ஆனா சமைக்கச் சொல்லாதீங்க, ஒரு வேளை சாப்பிட வர்றேன் என்றாள். கூட வந்த சுவர், கூரையில் ஒட்டிய முட்டையைப் பார்த்துவிட்டு, இதையும் நான் புடிச்சிருக்க மாட்டேன் என்றாள். தையல்காரரிடம் மத்தியானம் போய், இனி உண்மையாக ஆடுவதானால் ஆடுவோம், இல்லையென்றால் பலகையைத் தூக்கி உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு காயைக் கூட நான் போடவில்லை. ராணியைப் போட்டுவிட்டு, எத்தனை மாசத்துக் கடுப்பு தெரியுமா சார் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் நான் தனியாகச் சிரித்தேன், கீழ்வீட்டு அம்மா அதைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் தோழி விஷயத்தைச் சொன்னதும் முதலில் எனக்கு வந்தது கோபமும் இல்லை, கவலையும் இல்லை. பாப்பா வீட்டுக்கு வருகிறாள் என்ற சந்தோஷம்தான். போனை வைத்ததும் கருகிய பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, உன் கட்டிலில் கிடந்த டூல்ஸ் பெட்டிகளை இறக்கி, தூசி தட்டி, பூப்போட்ட விரிப்பை எடுத்து விரித்து, தலையணைக்கு உறை கூடப் போட்டுவிட்டேன். போட்டு முடித்து அதில் உட்கார்ந்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அம்மா போனபோது கூட வராத அழுகை. மரத்த கால் உணர்வு வரும்போது வலிக்கும் என்பார்களே, வலித்தது. விரிப்பை எடுக்கவில்லை. லீவுக்கு வரும்போது படுத்துக்கொள். டூல்ஸ் பெட்டிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

கடிதத்தை ராக்கெட்டின் அண்ணன் கையில் கொடுக்கிறேன், உன் ஊர் பஸ்ஸை ஓட்டுகிறவர், நாளைக்கு உன் கையில் சேர்த்துவிடுவார். அவரை ஒரு டீயாவது குடிக்க வைத்து அனுப்பு. படித்ததும் நேரே ஆபீசுக்குப் போய், வருகிறேன் என்று கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை என்றதும் வியாழக்கிழமை வரை தள்ளிப்போடுகிற குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை மட்டும் இந்தத் தடவை விட்டுவிடு. அங்கே குளிர் என்கிறார்கள், காதை மூடிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நாளைக்கு நீ ஒரு அணியைக் கையில் எடுத்து, எட்டு கோல் முன்னால் நிற்கும்போது எதிரே யாராவது என்னைப் போல முழித்துக்கொண்டு நின்றால், நிறுத்தாதே, ஆளை மாற்று. அம்மாவுடைய ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, என்னுடையதும் அதோடு ஓரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு வரும். நன்றாக இரு கண்ணு.

உன் அப்பா

கடிதத்தைப் படித்ததும் நீ போன் செய்வாய். சாப்டியாப்பா என்று ஒரு வார்த்தை கேட்பாய். அது போதும், இத்தனை பக்கம் எழுதியதை மறந்து, வந்துடு பாப்பா என்று சொல்லிவிடுவேன். லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கூப்பிடக் கம்பெனி போன் இருக்கிறது, அந்த நம்பர் உன்னிடம் இல்லை. நீ கையெழுத்துப் போட்டாய் என்று தும்மல்காரி ராக்கெட்டுக்குச் சொல்லட்டும், அதுவரைக்கும் என் போனை அணைத்துவிட்டேன்.