உலைக்காரர் எழுதிய நீர்விதி

நலம் பெருகுக. பனி சூழ்ந்த வெண்கோட்டு மலைக்கும், அதன் மடியில் பிறந்து அடிநாடு நோக்கி இறங்கும் தெளியாற்றுக்கும் உரியவராய், உப்பும் மீனும் நெல்லும் விளைவிக்கும் குடிகளுக்குத் தாயாய் வீற்றிருக்கும் கோமகள் நறுங்கோதைத் தேவியார், மருதங்கால் நாடுகாவலர் கொற்றன் எழினியாருக்கு விடுத்த திருமுகம். நாடுகாவலரின் மனையும் மக்களும், மருதங்காலின் வயலும் படித்துறையும் பழுதின்றி விளங்குக என வாழ்த்தித் தொடங்குவது நம் அவை மரபு. மனைக்கும் மக்களுக்கும் அவ்வாழ்த்து முழுமனத்தோடு உரியது. படித்துறையை வாழ்த்தும் சொல்லைத் தேவியார் எழுதச் சொன்னார். பின்பு அதை மீண்டும் வாசிக்கக் கேட்டார். அதை அடித்துவிடவும் சொல்லவில்லை. ஆதலால் அது எழுதியபடியே நிற்கிறது.

சென்ற ஆண்டுக் கோடையில் தேவியார் மருதங்காலுக்கு எழுந்தருளியபோது நடந்ததை நாடுகாவலர் உடனிருந்து கண்டார். மலையில் எரிகல் தோண்டி எரிக்கும் உலைக்காரர்கள் சாம்பலைக் கரைத்துவிட்ட நீர் ஆற்றில் கலந்து, கரை முழுதும் மை பூசினாற்போல் கறுத்திருந்தது. பரிசல் தள்ளும் அல்லியங்கை என்பவள், காவலர் விலக்கியும் விலகாமல், ஆற்றுநீரை இரு கைகளிலும் ஏந்தித் தேவியாரின் முன் நீட்டினாள். அவள் சொன்னதை அவை நடைக்கு மாற்றாமல் எழுதும்படி உத்தரவு. “இந்தா தாயி, உன் ஆத்துத் தண்ணி. மலை மேலருந்து நீ அனுப்புனதுதான், நாங்க ஒண்ணும் கலக்கல. எம் பொண்ணு இதைத்தான் குடிச்சிட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குறா. நீ குடிக்க வேணாம். சும்மா மோந்து பாரு. ஆனா மூஞ்சியச் சுளிக்கக் கூடாது, ஆமா, அரசி பாரு!” என்றாள். கூடியிருந்தோர் சிரித்தனர். தேவியார் சிரிக்கவில்லை. குனிந்து மோந்தார், முகத்தையும் சுளித்தார். பனிக்காலம் முடியுமுன் ஆற்றைக் காக்க ஒரு விதி வரும் என்று அவ்விடத்திலேயே அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

விதி எழுதும் முறையை நாடுகாவலர் அறிவார். எனினும் இவ்வோலை வாசிக்கக் கேட்கும் குடிகள் பொருட்டு அது இங்கே சொல்லப்படுகிறது. எந்தத் தொழிலைத் தொடும் விதியோ, அந்தத் தொழிலாரே எழுத்தாணி பிடிக்க வேண்டும் என்பது தேவியாரின் பாட்டனார் வகுத்த வழக்கம். உப்பளம் கண்டிராத அமைச்சர் ஒருவர் உப்புக்கு விதி எழுதி, ஒரு பருவத்து உப்பையெல்லாம் சேறாக்கிய பிறகு வந்தது அது. நல்ல வழக்கமாகவே இருந்தும் வந்தது. மீன் சினைகொள்ளும் காலத்தில் வலை வீசலாகாது என்று எழுதியவர்கள் மீனவர்களே. தம் வயிற்றைக் கட்டிக்கொண்டு எழுதினார்கள். அதனால், ஆற்றுக்கான விதி உலைக்காரர் கைக்குப் போனபோது, தேவியார் உட்பட அவையில் எவருக்கும் உள்ளம் உறுத்தவில்லை. சாம்பல் நீர் விடுவது உலைத்தொழில் என்று எண்ணினார்களே தவிர, அந்நீரைக் குடித்து உயிர்வாழ்வோர்க்கும் அவ்விதியில் ஒரு கை வேண்டும் என்று எண்ணினாரில்லை.

உலைக்காரர் தலைவர் நெடுஞ்சேந்தனார் விதியை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதிர்த்திருந்தால் தேவியார் விழித்திருப்பார். அவர் ஆற்றின் மேல் தமக்குள்ள அன்பைப் பற்றிப் பேசினார். அவையோர் இல்லங்களுக்குப் பனிக்காலத்து எரிகல் மூட்டைகளை அனுப்பினார். அவையோர் சிலரின் மருமக்களுக்கு உலைகளில் மேற்பார்வைப் பணியும் கிடைத்தது. விதி வாசிக்கப்பட்ட நாளில் மண்டபத்தில் கடுங்குளிர். தேவியாரின் முன் கணப்புச் சட்டியில் எரிகல் கனன்றுகொண்டிருக்க, வாசிப்பு நெடுகிலும் அவர் அதன்மேல் கைகளை நீட்டியிருந்தார். சாம்பல் நீரை ஆற்றில் விடலாகாது என்ற முதல் வரி மண்டபம் முழுதும் தெளிவாகக் கேட்டது. அவ்விதி இனி எழும் உலைகளுக்கே அன்றி எரிகின்ற உலைகளுக்கு அன்று என்பதும், நீர் கெட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் உலைக்காரர் அமர்த்தும் ஆய்வாளரே என்பதும், நீண்ட புகழுரைகளுக்கு நடுவே வந்து போயின. தம் முன்னிருந்த கணப்பில் குளிர்காய்ந்தபடி அவையினர் ஒருவர் மட்டும், எரிகின்ற உலைகளை விட்டுவிட்டால் ஆறு எப்படித் தெளியும் என்று கேட்டார். ஐயா குளிர்காய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டால் விடை சொல்ல எளிதாயிருக்கும் என்று நெடுஞ்சேந்தனார் பணிவோடு சொன்னார். அவை சிரித்தது. கேட்டவரும் சிரித்தபடி அமர்ந்துவிட்டார். முத்திரை விழுந்தது.

முரசறைந்த அன்று மருதங்காலார் ஆற்றில் விளக்கு விட்டு மகிழ்ந்ததாக நாடுகாவலர் எழுதினார். அடுத்து வந்த ஓலையில், அல்லியங்கையின் மகளைக் கரையில் அடக்கம் செய்ததாக எழுதினார். இரண்டு ஓலைகளையும் தேவியார் அருகருகே வைத்துப் பார்த்தார். பின்பு விதியை வரவழைத்து, பிறர் வாசிக்கக் கேளாமல் தாமே வாசித்தார். புகழுரைகளுக்கு நடுவே வந்துபோன வரிகளை அப்போதுதான் கண்டார்.

திருத்த முயலாமல் இல்லை. முரசறைந்த விதியை மாற்ற இன்னொரு விதி வேண்டும். அதை எழுதும் எழுத்தாணியும் வழக்கப்படி உலைக்காரர் கைக்கே போகும். நெடுஞ்சேந்தனார் அழைத்தவுடன் வந்தார், மருதங்கால் குழந்தையின் பொருட்டுக் கண் கலங்கினார், திருத்தியும் கொடுத்தார். அத்திருத்தத்தில் ஆய்வாளருக்கு ஒரு பட்டமும் குடையும் சேர்ந்திருந்தன. வேறொன்றும் மாறவில்லை. வழக்கத்தையே முறித்துவிடலாமா என்று தேவியார் பலநாள் எண்ணினார். முறித்தால், நாளை வரும் அரசர் மீனவர் கையிலிருந்தும் உப்பளத்தார் கையிலிருந்தும் எழுத்தாணியைப் பிடுங்குவார். நீர் குடிப்போரும் உடனமர்ந்து எழுதட்டும் என்று அவையைக் கேட்டார். அறுவடைக்குப் பின் பேசலாம் என்றது அவை. அறுவடை முடிந்தது. பனிக்குப் பின் பேசலாம் என்றது. பனிக்காலத்தில் எவர் வீட்டுக்கு என்ன மூட்டை வரும் என்பது தேவியாருக்கு இப்போது தெரியும்.

அவையைக் கேளாமல் அரசர் ஆணையிடக்கூடியது ஒன்றே எஞ்சியிருக்கிறது. குடிகள் எங்கே குடியிருப்பது என்பது அது. உலைகளை அகற்ற இயலாத அரசுக்கு ஊரை அகற்ற இயல்கிறது. இவ்விடத்தில் தேவியார் எழுத்தை நிறுத்தச் சொல்லி, இதை வேறு விதமாகச் சொல்ல வழியுண்டா என்று திருமுக ஓலைக்காரர் பூழியன் காடனாரைக் கேட்டார். உண்டு, குடிகளின் நலம் கருதி என்று தொடங்கலாம் என்றார் அவர். தேவியார் வேண்டாம் என்றார்.

ஆகவே நாடுகாவலருக்கு ஆணை. பனி இறங்குமுன் மருதங்கால் குடிகள் அனைவரையும் அக்கரையில் ஊற்றுநீர் உள்ள அரசநிலத்தில் குடியேற்றுக. ஆற்றுநீர் ஊறும் ஊர்க்கிணறுகளை மூடுக. இதற்கு முரசறைய வேண்டாம். நாடுகாவலர் தாமே வீடு வீடாக நடந்து சொல்க. விதிதான் வந்துவிட்டதே என்போரிடம், வந்தது, உங்களுக்காக வரவில்லை என்று சொல்க. முத்திரை எவருடையது என்று கேட்டால் அரசியுடையது என்க. எப்போது திரும்பலாம் என்று கேட்டால், அதற்கான விடை இவ்வோலையில் இல்லை. நாடுகாவலர் தாமாக ஒன்றைப் புனைந்து சொல்லாமல் அவர்கள் முன் பேசாது நிற்க.

ஆற்றைக் கடக்க அல்லியங்கையின் பரிசல் வேண்டியிருக்கும். அவளிடம் கேட்க, கட்டளையிடலாகாது. அவள் மகள் மருதங்கால் கரையில் இருக்கிறாள். ஊரார் எல்லோரும் போன பின்னும் தான் வரமாட்டேன் என்று அவள் சொன்னால், அங்கேயே இருக்க அவளுக்கு உரிமையுண்டு. அதற்கு இம்முத்திரை சான்று. நாள்தோறும் ஊற்றுநீர் ஒரு குடம் அக்கரையிலிருந்து அவள் வாசலுக்கு அரண்மனைச் செலவில் போக வேண்டும். அவள் அதை உதைத்துக் கவிழ்த்தால் மறுநாளும் போக வேண்டும்.

இது ஆணை. தேவியார் சொல்ல எழுதியவர் பூழியன் காடனார். கோமகள் நறுங்கோதை முத்திரை.