நீக்கவா, நகர்த்தவா

மட்டாஞ்சேரி
29.7.2001

அன்பு மகள் மகாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம், அப்பாவின் இருமலும் நலமாகத்தான் இருக்கிறது. மழை விடவில்லை, துணி காயவில்லை. போனில் என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றிக் கேட்டாய், அதற்குள் லைன் அறுந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்தெல்லாம் மலையாளம்தான். கட்டுரையைத் திருத்தி எழுதி வாருங்கள் என்றால், அதையே இன்னும் அழகான கையெழுத்தில், தலைப்புக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்டுக் கொண்டுவருகிறார்கள். திருத்துவது என்றால் என்ன செய்வது என்று சொல்ல அவர்களிடம் வார்த்தையே இல்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சேர், நீக்கு, மாற்று, நகர்த்து என்று பலகையில் எழுதிப் போட்டேன், எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி என்றேன். அவ்வளவுதான், வகுப்பே அமளி, ஒருத்தர் கட்டுரையை ஒருத்தர் நகர்த்தித் தள்ளிவிட்டார்கள்.

இதில் ஷீஜா என்று ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி, கெட்டிக்காரி. திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். சுள்ளிக்கல்லில் அவள் வீட்டுக்கே போனேன். அவள் அப்பா இசக்கிமுத்து, கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி, உட்காரச் சொன்னாரே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. மெதுவாகத்தான் விஷயம் வந்தது. மூத்தவள் மஞ்சுஷாவுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு வரன், மாப்பிள்ளை வீட்டுக்குக் குடும்ப விவரம் எழுதியிருக்கிறார், தன் வேலையைக் கடைசியில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார். ஷீஜா எட்டிப் பார்த்து, “அப்பா, இந்த வரிய இங்கேருந்து எடுக்கணும்” என்றாளாம். அன்றோடு வகுப்பு நின்றது. “நான் போடுற சோறு வேணும், என் வேலை மட்டும் இவளுக்கு நாணக்கேடா டீச்சர்” என்று கேட்டார்.

ஷீஜா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. “வகுப்பில சொல்லிக்குடுத்த வார்த்தையில சொல்லு மோளே, நீக்கவா, நகர்த்தவா” என்றேன். “நகர்த்தத்தான் டீச்சர். மேல, முதல் வரியா” என்றாள். மூலையில் ஒளித்து வைத்தது நீங்கள்தானே என்று நான் கேட்கவில்லை மகா, அவரே தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மஞ்சுஷா சாயாவும் அவித்த கப்பைக்கிழங்கும் கொண்டுவந்தாள், அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். நான் துப்புரவுத் தொழிலாளி, அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தேன் என்றுதான் இப்போது தொடங்குகிறது. அவர் ‘சம்பலம்’ என்று எழுதியிருந்ததைக் கடைசியாக ஷீஜா சரிசெய்தாள், அதற்கு அவருக்குக் கோபம் வரவில்லை. ஓணம் கழித்துப் பெண் பார்க்க வருகிறார்களாம். இன்று இசக்கிமுத்துவே அவளைக் கொண்டுவந்து விட்டார். “இனி எதை வேணாலும் எடு, எங்க வைப்பேன்னும் கூடவே சொல்லிடு” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போன் பண்ணாதே, அப்பாதான் எடுப்பார், இருமலை முழுக்கக் கேட்க வேண்டி வரும்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா மாயம்மாள்