காவிரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத ஆள்

அன்புள்ள வசந்தா,

நீ போன பிறகு உன்னிடம் பேசாத நாள் கிடையாது. ஆனால் எல்லாம் வாய்க்குள் முணுமுணுப்பதோடு சரி. உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் சொன்னால் வழக்கம்போல நீ எனக்காக மூடி மறைத்துவிடுவாய்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது பெங்களூரில், தொம்மலூரில், நம் செந்தில் வீட்டில் இருக்கிறேன். உன் முதல் வருஷத் திதி முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "தனியா குடியாத்தத்துல என்னப்பா பண்ணப் போறீங்க? ஒரு மாசம் இருந்து பாருங்க. ஊர் பிடிச்சா இங்கயே இருங்க. பிடிக்கலைன்னா நானே கொண்டுபோய் விட்டுடறேன்" என்றான். அவனுடைய வாடகை ஒப்பந்தமும் முடிகிறது. நான் இருப்பதானால் இதே தெருவில் ஓர் அறை கூடுதலாக உள்ள கீழ் வீட்டை எடுப்பான். நான் போவதானால், அவனும் நம் மருமகள் கவிதாவும் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீசுக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபிளாட் பார்த்துக்கொள்வார்கள். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கீழ் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

'இருந்து பாருங்க.' இதே வார்த்தையை நமக்கு இதற்கு முன் சொன்னவரை நீ மறந்திருக்க மாட்டாய். தொண்ணூறுகளின் நடுவில் நம் தோல் கம்பெனி முதலாளி பெங்களூரில் ஓர் ஆபீஸ் திறந்தார். "சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போய் கொஞ்ச நாள் இருந்து பாரு துரைசாமி. ஊர் ஒத்துவந்தா குடும்பத்தையே மாத்திக்கோ. ஆபீஸ் பொறுப்பு பூரா உன்னுது" என்றார். பள்ளிக்கூடம் போகிற செந்திலை உன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஜோகுபாளையத்தில் கம்பெனி பிடித்துக் கொடுத்த ஒற்றைப் போர்ஷனில் போய் இறங்கினோம்.

உனக்கு அந்த ஊர் வந்த அன்றே பிடித்துவிட்டது. பக்கத்துப் போர்ஷன் சரோஜாம்மாவிடம் ஒட்டிக்கொண்டாய். அவர்கள் வீட்டில் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்கள், நீ இரண்டுக்கும் தலையாட்டுவாய். அந்த வாரம் முடிவதற்குள் காய்கறிக்காரனிடம் கன்னடத்திலேயே பேரம் பேசினாய். தப்புத் தப்பாகத்தான் பேசினாய். அவன் சிரித்தான், நீயும் சிரித்தாய். குடியாத்தத்தில் எனக்குப் பின்னால் குனிந்த தலையோடு வருகிறவள், அங்கே எனக்கு முன்னால் நடந்தாய். நடுநடுவே நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாய்.

நான் எப்படி இருந்தேன்? குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நான் போய் நின்றால் கண்டக்டர் இறங்கி வந்து "சார், சீட் போட்டு வெச்சிருக்கேன்" என்பான். பெங்களூரில் பஸ் போர்டே என்னை மதிக்கவில்லை. எல்லாம் கன்னடம். முதல் நாளே தப்பான பஸ்ஸில் ஏறி ஊரின் இன்னொரு கோடியில் இறங்கினேன். ஆபீசில் இரண்டு பையன்கள் இருந்தார்கள், இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார்கள். போன் மணி அடித்தால் நான் எதையோ தேடுவது போல மேஜை டிராயருக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அவர்கள் எடுத்துப் பேசி முடிக்கிற வரையில் தேடுவேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், வசந்தா. மேனேஜர் என்று போர்டு வேறு.

அப்புறம் ஒரு காலை நான் பஸ் ஏறவே இல்லை. டிபன் பாக்ஸோடு போய் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். ஆபீசுக்குப் போன் போட்டு உடம்பு சரியில்லை என்றேன். மறுநாளும் அங்கேதான் போனேன். நீ கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்று வேலை அதிகம் என்று சலித்துக்கொண்டேன்.

அங்கேதான் நீ என்னைப் பார்த்தாய். சரோஜாம்மாவோடு காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சாரியில் வந்தாய். உன் கண் என் மேல் பட்டது, நின்றுவிட்டாய். அடுத்த நொடி சரோஜாம்மாவின் தோளைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பி, ஏதோ ஒரு வளையல் கடையைக் காட்டினாய். நான் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. அப்படியே அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாய். அந்தச் சமயத்தில் உன் மனசில் என்ன ஓடியது? இத்தனை வருஷம் கூடவே இருந்தும் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீ சொன்னாய். "என்னங்க, இந்த ஊர்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கல போலிருக்கு. முகமே வாடிப் போச்சு. நம்ம ஊருக்கே போயிடலாம்." நான் என்ன செய்தேன்? வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஆமா, ரெண்டு நாளாவே ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றேன். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

முதலாளியிடம் நீயே போய்ச் சொன்னாய். உன் அண்ணனிடம் சொன்னாய். எதிர்வீட்டில், கல்யாண வீட்டில், கேட்டவர்களுக்கெல்லாம் "அவருக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல" என்று சொன்னாய். ஊருக்கே எனக்கு வயிற்றுக் கோளாறு என்று ஆகிவிட்டது. விருந்துக்குப் போனால் எனக்கு மட்டும் காரம் குறைத்துப் பரிமாறுவார்கள். நானும் பாவம்போல வாங்கிச் சாப்பிட்டேன்.

செந்திலுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆன பிறகு கூத்து இன்னும் பெரிதானது. ஒவ்வொரு தடவை அவன் வீட்டுக்கு வரும்போதும் ஒரு பிளாஸ்டிக் கேனில் குடியாத்தத்துத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ரயில் ஏறுவாய். உப்புத் தண்ணீர்! காவிரி குழாயில் வருகிற ஊருக்கு உப்புத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போன ஒரே பெண்பிள்ளை நீயாகத்தான் இருப்பாய். கேனை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால், "உங்களுக்கு எதுக்குங்க, வயித்தைப் பிடிச்சுக்கும்" என்பாய். கேலியாகச் சொன்னாயா, நிஜமாகவே சொன்னாயா? உன் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

கவிதா உன் பேச்சைத் தட்டாதவள். இந்த ஒரு மாதமும் எனக்கென்று தனியாகச் சீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்சினாள். காலையில் ஆபீஸ் வண்டி வந்து கீழே ஹாரன் அடிக்கும். அவள் ஒரு கையில் பையை மாட்டிக்கொண்டு மறு கையால் எனக்கு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருப்பாள். "மாமா, வெளிய எங்கயும் தண்ணி குடிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

நான் வெளியே குடித்தேன். இங்கே தெருமுனை டீக்கடையில் முனுசாமி என்று ஒருவர் பழக்கமானார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், பிறந்து வளர்ந்ததே இந்தத் தொம்மலூரில்தான். டம்ளரில் தண்ணீர் வைத்தபோது நான் வேண்டாம் என்றேன், காரணமும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் இது! ரெண்டு ஸ்டேட்டும் இந்தத் தண்ணிக்கோசரம் அடிச்சிக்கினு கெடக்குது. உங்களுக்கு ஒத்துக்கலியா? சும்னே குடிங்க சார், ஒண்ணும் ஆவாது." 'சும்னே' என்றால் கன்னடத்தில் சும்மா, உனக்குத்தான் தெரியுமே. கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று எனக்குத் தெரியாதா?

அதிலிருந்து தினமும் அவரோடு சுற்றுகிறேன். போர்டு படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது, அடுத்ததில் ஏறிக்கொள்கிறேன். குடியாத்தத்தில் நான் தெருவில் இறங்கினால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு "பாவம்" என்கிறார்கள். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ஒரு காலத்தில் எதைக் கண்டு ஓடினேனோ, அதுவே இப்போது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. காலையில் அந்தக் குளிரில் நடக்கும்போது சந்தோஷமாகக்கூட இருக்கிறது. உடனே நீ எனக்கு முன்னால் நடந்தது ஞாபகம் வருகிறது. வெட்கம் பிடுங்கித் தின்கிறது, வசந்தா. நீ ஆசைப்பட்ட ஊர் எனக்குப் பிடித்துப்போக நீ சாக வேண்டியிருந்ததா?

அதனால் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. செந்தில் கேட்கும்போதெல்லாம் தூசி என்றேன், டிராபிக் என்றேன், சாம்பாரில் வெல்லம் என்றேன். பிடித்திருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிடும்போது செந்தில் ஆரம்பித்தான். "அப்பா, நல்லா யோசிச்சுட்டேன். உங்களைக் கட்டாயப்படுத்தல. அம்மா அப்பவே சொல்லியிருக்காங்க, இந்த ஊர்த் தண்ணி உங்களுக்குச் சேராதுன்னு. ஏதோ கவிதா காய்ச்சிக் குடுத்து ஒரு மாசத்தை ஓட்டிட்டோம். வயசான காலத்துல எதுக்கு ரிஸ்க்கு? நீங்க குடியாத்தத்துலயே இருங்க. நாங்க மாசம் ஒரு தடவை வந்துடறோம்."

எனக்காக மறுபடியும் ஒருத்தர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். தலையாட்டினால் போதும். பழக்கதோஷம், தலை பாதி ஆடியும்விட்டது.

"எனக்குத் தண்ணி ஒத்துக்குதுப்பா. வயித்துல ஒண்ணும் கிடையாது" என்றேன்.

அவன் சிரித்தான். "எங்களுக்காகச் சொல்லாதீங்கப்பா. அம்மா பொய்யா சொல்லுவாங்க?"

உன் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் அவன் தினமும் வண்டி ஏறுகிறான். உன்னைப் பொய்க்காரி ஆக்கினால் நான் இங்கே இருக்கலாம். பேசாமல் இருந்தால் உன் பேர் நிற்கும், நான் மூட்டை கட்டலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சொன்னா" என்றேன். "எனக்காகச் சொன்னா. அப்ப எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு இந்த ஊரைப் பார்த்துப் பயமா இருந்துச்சு. ஆபீஸ் போகாம ஏரிக்கரையில போய் உக்காந்திருந்தேன். உங்கம்மா அதைப் பார்த்துட்டா. நான் யார் முன்னாடியும் கூசி நிக்கக்கூடாதுன்னு தண்ணி மேல பழியைப் போட்டா."

செந்தில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசியது கவிதாதான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அத்தை ஒவ்வொரு தடவை வரும்போதும் 'இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்க'ன்னு கெஞ்சுவேன் மாமா. 'கேன்ல தண்ணி தீர்ந்துடுச்சும்மா, அவருக்குச் சேராது'ன்னு கிளம்பிடுவாங்க. அப்ப அவங்க இருந்திருக்கலாமா மாமா?"

இருந்திருக்கலாம். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை, வசந்தா. ஊரை மட்டும்தான் உனக்கு இல்லாமல் ஆக்கினேன் என்று நினைத்திருந்தேன். பிள்ளையோடு இருக்க வேண்டிய நாட்களையும் அல்லவா அந்தக் கேன் அளந்து கொடுத்திருக்கிறது! நீ சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்ற நீயே ரயில் ஏறி ரயில் ஏறித் திரும்பியிருக்கிறாய். நான் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்திருக்கிறேன்.

செந்தில் கை கழுவிவிட்டு பால்கனிக்குப் போனான். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, கீழ் வீட்டையே எடுத்துக்கொள்கிறோம் என்றான். என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. இன்று காலையிலும் பேசவில்லை. பேசுவானா? தெரியாது. பேசச் சொல்லிக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

அவன் ஆபீஸ் போன பிறகு ஒரு யோசனை வந்தது. 'அம்மா ஆசைப்பட்ட ஊருப்பா, அவளுக்காகத்தான் இங்க இருக்கேன்' என்று சாயங்காலம் அவனிடம் சொல்லிவிடலாமா? கேட்க நன்றாக இருக்கும். அவனுக்கு மனசு இளகிவிடும். ஆனால் அதுவும் உன் தலையில் இன்னொரு பொய்யைத் தூக்கி வைப்பதுதான். ஆகவே சொல்லப் போவதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் இருக்கிறேன். உனக்குப் பிடித்தபோது நான் இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

ஒன்றே ஒன்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் எதைக் கண்டாவது பயந்தால், பயமாக இருக்கிறது என்று என் வாயாலேயே சொல்வேன். இப்போது செந்தில் வருகிற நேரம். பயமாகத்தான் இருக்கிறது. கதவை நானே போய்த் திறக்கிறேன்.

வெட்கத்தோடு,
உன் வீட்டுக்காரன்
துரைசாமி