வார்டுப் பதிவேட்டில் ஐந்து வெற்றுக் கட்டங்கள்

11-12-1972, திங்கள். காலை முதல் தூறல்.

புகார்க் கடிதமாக்குமுன் நடந்தவற்றை வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

1. 17-7: மகள் விமலாவை மருத்துவமனை உதவியாளர் பயிற்சி நிலையத்தில் (இனி ப.நி.) சேர்த்தேன். ப.நி. தலைவரின் வாக்கு: ஐந்து மாதம், காலை வார்டு, மாலை வகுப்பு, முடிவில் சான்றிதழ்.

2. 9-8: அமாவாசை. ப.நி. மூடல். பிறகு 7-9, 7-10, 6-11, 5-12 அவ்வாறே. தலைவர் பட்டுத் தறி வைத்திருப்பவர். அமாவாசையில் தறி ஓடாது. ஆகவே பயிற்சியும் ஓடாதாம்.

3. 9-12: சான்றிதழ் கிடையாது என்று ப.நி.யின் கடிதம். காரணம், வார்டுக்கு ஐந்து நாள் வரவில்லை. மூன்றுக்கு மேல் கூடாதென்பது மருத்துவமனை விதி. எந்த ஐந்து நாள்? மேற்படி ஐந்து நாள்.

விடுமுறை விட்டவர்கள் அவர்கள். வரவில்லை என்பவர்களும் அவர்களே. கடிதத்தை மூன்று முறை படித்தேன். விளங்கவில்லை.

22ஆம் தேதி மருத்துவமனையில் நேர்காணல். உதவியாளர் இடம் ஒன்றே ஒன்று. சான்றிதழ் இன்றி உள்ளே விடமாட்டார்கள்.

குடைக் கம்பி ஒடிந்தது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுத் தாள்கள் 42. ஒன்றும் திருத்தவில்லை.

12-12, செவ்வாய். சிறிது வெயில்.

பள்ளி விட்டதும் பிள்ளையார்பாளையம். ப.நி. இருப்பது தறிக்கூடத்து மாடியில். கீழே தறிச் சத்தம். மேலே கத்தித்தான் பேச வேண்டும். தணிந்த குரலில் கண்டிக்க எண்ணிப் போனவனுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

தலைவர்: "உக்காருங்க சார். அமாவாசைல நான் தறி நாடாவையே தொடமாட்டேன், பேனாவைத் தொடுவேனா?"

"நோயாளிகள்?"

"அது ஆஸ்பத்திரிக்காரங்க பாடு. பதினோரு பொண்ணுக்கும் இதே கதிதான். உங்க பொண்ணுக்கு மட்டும் தனியா இன்னா சார்?"

பதிவேட்டைக் காட்டினார். ஐந்து கட்டங்கள் வெறுமை. காப்பி வந்தது. தொடவில்லை.

13-12, புதன். அரை நாள் விடுப்பு.

மருத்துவமனை. வார்டு சிஸ்டர் மருந்துத் தட்டை இறக்காமலே பேசினார்.

"விமலா அப்பாவா? அந்தப் பொண்ணு அஞ்சு அமாவாசையும் வந்துச்சே சார்."

தவறாகக் கேட்டேனோ என்று மீண்டும் கேட்டேன்.

"வந்துச்சு. அட்டெண்டன்ஸ் புக்குதான் வரலை. தெனம் காலைல அவங்க பியூன் எடுத்துக்கினு வருவாரு. அமாவாசைல அவருக்கும் லீவு, புக்கு பீரோவுல. நான் எங்க கையெழுத்துப் போடறது, பெட்ஷீட்லயா?"

ஆகஸ்டில் நான் விமலாவிடம் சொன்னது: விடுமுறை நாளில் வார்டில் உனக்கென்ன வேலை, போகக் கூடாது. கோயிலுக்குப் போவதாகச் சொன்னாள். ஐந்து முறை சொல்லியிருக்கிறாள். ஐந்து முறையும் நம்பியிருக்கிறேன்.

மாலை கேட்டேன். தலை குனியவில்லை.

"ஆறாம் கட்டில் அம்மாவுக்கு முதுகெல்லாம் புண்ணுப்பா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கணும். அமாவாசைன்னா புண்ணு சும்மா இருக்குமா?"

"என்னிடம் பொய் சொன்னாய்."

"சொன்னேன். நீங்க போகக் கூடாதுன்னீங்களே."

சமையலறையிலிருந்து மனைவி: "நான்தான் சாதம் கட்டிக் குடுத்தேன். என்னையும் உங்க லிஸ்ட்டுல சேத்துக்குங்க."

கோபம் இருக்கிறது. யார் மீதென்று தெரியவில்லை. தலைவர். விதி. பியூன். மகள். மனைவி. ஆகஸ்டில் பேசிய நான். கடைசியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

14-12, வியாழன். குளிர். தாள்கள் 22 முடிந்தன.

தலைவருக்குக் கடிதம், நான்கு பக்கம். வி. வாசித்தாள்.

"தறி, அமாவாசை, உங்க பட்டம், இதெல்லாம் எதுக்குப்பா? நான் போனேன், சிஸ்டர் பாத்தாங்க. அவ்ளோதான்."

"மற்ற பத்துப் பெண்கள்?"

"அவங்களுக்கு லீவுன்னு எழுதட்டும். எனக்கு வேலைன்னு எழுதட்டும். ரெண்டும் உண்மைதானே?"

சிஸ்டரிடம் காலையிலேயே எழுதி வாங்கிவிட்டாளாம். எனக்குச் சொல்லவில்லை. மூன்றரைப் பக்கம் அடித்தாள். கையெழுத்தும் தானே போட்டாள். எஞ்சியதன் நகல்:

"மேற்கண்ட ஐந்து நாட்களிலும் நான் வார்டில் வேலை செய்தேன். வார்டு சிஸ்டரின் கடிதம் இணைப்பு. இதைப் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் தருவீர்களா, மாட்டீர்களா? 20-12-72 புதன் மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். பதில் என் பெயருக்கு வர வேண்டும். என் தந்தை பெயருக்கு அல்ல."