ஒற்றைக் கோட்டு பிப்பெட்

மார்ச் 3, ஞாயிறு
மூன்றாவது தடவையாக ஆய்வக உதவியாளர் தேர்வு. நிலவில் ஏன் சத்தம் கேட்காது? காற்று இல்லை. பூஞ்சையின் செல்சுவர் எதனால் ஆனது? கைட்டின். நண்டு ஓட்டில் இருப்பதும் அதுதான். நேற்றுத்தான் ஒரு கிலோ நண்டு உடைத்தேன், மறக்குமா? 25 மி.லி. திரவத்தை மிகத் துல்லியமாக அளக்க எது? பிப்பெட். யோசிக்கக்கூட இல்லை.

மார்ச் 11
தேற முப்பது வேண்டும். எனக்கு இருபத்தொன்பது.

மார்ச் 12
ஆன்சர் கீ வந்துவிட்டது. பிப்பெட் தப்பாம், அளவுசாடிதான் சரியாம். பதினாலு வருஷமா பள்ளிக்கூடத்துல இதத்தானே கழுவுறேன் — எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர் ராபின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகு வேலை முடித்து வந்ததும் சொன்னேன்.

"சோடோ, விட்டுத்தள்ளு பிரிஸ்கி. சர்க்கார் போட்டா போட்டதுதான். அடுத்த வருஷம் எழுது."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும்ங்க."



மார்ச் 13
மனு எழுதினேன். நாலு தாள் கிழித்து, ஐந்தாவது தேறியது.

மார்ச் 18
தேர்வு அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். பள்ளியில் கேட்டு வாங்கிய பிப்பெட்டையும் அளவுசாடியையும் துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். கிளார்க் சிரித்தார். அதிகாரி ஜெகநாதன் சார் தமிழர், உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க லேப்ல என்ன வேலை?"

"அட்டெண்டர் சார். கண்ணாடிச் சாமான் கழுவுறேன்."

"கழுவுறவங்களுக்கு இதெல்லாம்..."

"கழுவுறவங்கதான் சார் எல்லாத்தையும் கையில எடுத்துப் பாக்கறோம்."

எப்படி அப்படிச் சொன்னேன்?  துண்டைப் பிரித்துக் காட்டினேன். பிப்பெட்டின் கழுத்து ஒடுக்கம், ஒரே கோடு. ஒரு சொட்டு கூடினாலும் மட்டம் ஏறுவது தெரியும். சாடியோ அகலம், ஒரு சொட்டு அதில் கணக்கே இல்லை. பிழை எவ்வளவு வரும் என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கிறது: பிப்பெட்டில் 0.06, சாடியில் 0.5. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பிப்பெட்டைக் கிட்டே வைத்துப் படித்தார்.

"மனுவை வச்சிட்டுப் போங்க."

மார்ச் 31, ஈஸ்டர்
பதில் இல்லை. பூசையில் மனம் நிற்கவில்லை.

ஏப்ரல் 5
திருத்திய பட்டியல். பிப்பெட் சரி. எனக்கு முப்பது.

ராபினுக்கு போன் போட்டேன். "இரு, இரு" என்றவர், ஜெட்டியில் நின்றவர்களிடம் இந்தியில் கத்திச் சொல்வது கேட்டது — என் பீவி, பெண்டாட்டி, பாஸாம், சர்க்காரையே திருத்திவிட்டாளாம். வெட்கமாக இருந்தது. வைக்கவும் மனசில்லை.

ஏப்ரல் 8
டிக்லிபூரிலிருந்து போன். யாரோ ஷிகாவாம், வங்காளிப் பெண். என் நம்பரை விசாரித்து வாங்கியிருக்கிறாள். அவளுக்கும் இருபத்தொன்பதுதானாம்; இப்போது முப்பது. "எனக்கும் தெரியும் தீதி, பிப்பெட்தான் சரின்னு. மனு எழுதத்தான் பயம்" என்று அக்கா முறை வைத்து இந்தியில் சொல்லிவிட்டு அழுதாள்.

போனை வைத்தபிறகு பட்டியலை எடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெயர்கள் பதினொன்று. ஹட் பே, மாயாபந்தர், ஃபெரார்கஞ்ச் என்று தீவுகளெங்கும் உள்ள ஊர்கள் — ஒருவரையும் தெரியாது. மூன்று நாளாக என் பெயரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.