நட்சத்திரம் விழாத ரிப்போர்ட்

6 அக்., திங்கள்
சாயங்காலம் மழை. பௌர்ணமி, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற இடமில்லை. லேபிலிருந்து நடந்தே வீடு. துணி காயவில்லை. மகள் நிலாவுக்கு மூக்கடைப்பு.

லேப் கம்ப்யூட்டர் இன்றும் பாதியில் நின்றது. ரத்த ரிப்போர்ட் அடிக்கும் புரோகிராம் விபி-யில் எழுதியது. நான் பள்ளிக்கூடம் போகும்போதே பழசாகிவிட்ட மொழி. எழுதியவர் வெளிநாட்டில், போன் எடுப்பதில்லை. புதுக் கம்ப்யூட்டரில் அது ஏற மாட்டேன் என்கிறது. மல்லிகா அக்கா, லேப் ஓனர்: "இன்னா கவிதா, இது என்னிக்கு சாவும்னே தெரில. நீதான் பைத்தான்ல புதுசா எழுதி வச்சிகினு கீறியே, மாறிடலாமா? வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிடு."

லேப் அவருடையது. முடிவு மட்டும் என் தலையில்.

7, செவ்வாய்
நிலா பரவாயில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். பால் பாக்கெட்.

பழசிலேயே இருந்தால்: ஒருநாள் மொத்தமாகப் போகும்.
மாறினால்: தப்பு வந்தால் அது நான் எழுதிய தப்பு.

வீட்டுக்காரர் ரவியிடம் சொன்னேன். "ஓடுற வரைக்கும் ஓட்டு. நின்னா பாத்துக்கலாம்."
"வண்டி நின்னா தள்ளலாம். இது ரத்த ரிப்போர்ட்டு."
"அப்ப மாத்து."
"அதுக்கும் பயமாருக்குது."
"இன்னாதான்டி பண்ணணும்ன்ற?" திரும்பிப் படுத்துத் தூங்கியும்விட்டார். கொடுத்து வைத்தவர்.

நாளை முதல் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இரண்டிலும் அடித்துப் பார்ப்பது. பேஷண்டுக்குப் போவது பழசு மட்டும்.

8, புதன்
மாடியில் குரங்கு நெட் கேபிளை இழுத்துவிட்டது. மதியம் வரை வேலை இல்லை. அப்புறம் அடித்ததில் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. அக்கா: "பாத்தியா? சும்மா டென்ஷன் ஆவுற."

சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. நிலா ஒரு இட்லி முழுசாகத் தின்றாள்.

9, வியாழன்
பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையின் ரத்தம் வந்தது. பெயர் வைக்கவில்லை. வழக்கம் போல 'பேபி ஆஃப் ரேவதி', அம்மாவின் போன் நம்பர். ஹீமோகுளோபின் 12. பழசு அந்த எண் பக்கத்தில் நட்சத்திரம் போட்டது: குறைவு. என்னுடையதில் நட்சத்திரம் இல்லை.

பழைய பேஷண்ட் மறுபடி வந்தால் கண்டுபிடிக்க, பெயருக்கு முன்னால் வரும் திருமதி, பேபி ஆஃப் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, போன் நம்பரோடு ஒப்பிடும்படி எழுதியிருந்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. போன மாதம் ரேவதியும் இங்கேதான் டெஸ்ட் எடுத்தாள்; பழைய லிஸ்ட் முழுவதையும் புதுசிலும் ஏற்றியிருந்தேன். ஆக, குழந்தையை அம்மா என்றே எடுத்துக்கொண்டது. பெரிய பெண்ணுக்கு 12 சரி. இரண்டு நாள் குழந்தைக்குப் பதினாலாவது வேண்டும்.

பழசில் இதற்கென்றே நாலு வரி இருக்கிறது. எதற்கென்று புரியாமல், குப்பை என்று விட்டுவிட்டேன்.

பழசின் ரிப்போர்ட்தான் போனது. டாக்டர் பார்த்துவிட்டார். நேற்றே மாறியிருந்தால்?

நிலா பிறந்தபோதும் இதே லேப், இதே நட்சத்திரம். அதைப் பார்த்துத்தான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த நாலு வரியை நான் குப்பை என்றிருக்கிறேன்.

ரவியிடம் சொல்லவில்லை.

10, வெள்ளி
வெயில். பழசு ரொம்ப நேரம் முக்கிவிட்டுத்தான் எழுந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். "இன்னா, வேணாம்ன்றியா?"

ராத்திரி முழுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது: பழசு உயிரோடு இருப்பதால்தானே தப்பு தெரிந்தது. அது செத்த பிறகு மாறினால், எதை வைத்து ஒப்பிடுவேன்?

"மாறிடலாம்க்கா. ஆனா பழச தூக்காதீங்க. அது இருக்கிற வரைக்கும் பக்கத்துல வச்சி ரெண்டுலயும் அடிக்கலாம்."
"ரெண்டு வேலயா?"
"ரெண்டு வேலதான்."
"உன்னோட பெரிய ரோதன." சிரித்தார். சரி என்று அர்த்தம்.

நாலு வரியையும் புதுசில் எழுதியாயிற்று. முதல் பேஷண்ட் நானே அடித்தேன். பேபி ஆஃப் கவிதா, வயது இரண்டு நாள், அன்றைக்கு வந்த அதே எண்.

"யாரு இது? கொயந்த எதுவும் வர்லியே."
"நம்ம நிலாதான்க்கா. பொறந்தப்ப வந்த நம்பரு."

அக்கா பிரிண்டர் பக்கம் வந்து நின்றார்.

நட்சத்திரம் விழுந்தது.

நிலாவின் பதிவை அழிக்கவில்லை. தினமும் முதலில் அவளை அடித்து, நட்சத்திரம் விழுந்த பிறகுதான் மற்றவர்கள். புரியாமல் விட்ட வரி இன்னும் எத்தனையோ. நாளைக்கும் விழ வேண்டும்.